பானெட்டைத் திறந்து காட்டுவதற்கு முன்

அமெரிக்காவில் கராஜுக்குள் கோப்ரா கட்டும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன என்று உங்களில் பலர் படம் அனுப்பியிருந்தீர்கள். மிச்சிகன், டெக்சஸ், நியூ ஜெர்சி என்று ஊர்தான் வேறு, படம் ஏறக்குறைய ஒன்றே. வீட்டுக் கார் வெளியே வெயிலில் நிற்கிறது. அது நின்ற இடத்தில் இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் பாடி. சுவரோரம் அட்டைப்பெட்டிகள், அவற்றின் மேல் பிள்ளைகளின் சைக்கிள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து வேர்ஹாமில் ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் நிறுவனம் 1995 முதல் இந்தக் கோப்ரா கிட் தொழிலில் இருக்கிறது. அவர்கள் அனுப்பும் ரோட்ஸ்டர் கிட்டில் சட்டம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், அலுமினியத் தகடுகள், பாடி என்று வண்டியின் பெரும்பகுதி வந்துவிடும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், சக்கரம், பெயின்ட் எல்லாம் உங்கள் பாடு. இவற்றில் எஞ்சினைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காரணம், படங்களோடு நீங்கள் அனுப்பிய சாமான் பட்டியல்தான். குரோம் வால்வு கவர், பாலிஷ் போட்ட இன்டேக், சிவப்பு பிளக் ஒயர், 750 கார்புரேட்டர் என்று நீண்டுகொண்டே போனது. போரிங் பட்டறைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

எஞ்சினை அழகுபடுத்துவதற்கு நான் எதிரியல்ல. கோப்ராவின் பானெட்டைத் திறந்தால் பார்ப்பவர் ஒரு நிமிடம் பேச்சு மறந்து நிற்கத்தான் வேண்டும். அதற்காகத்தானே இத்தனை பாடு. ஆனால் அழகுக்கென்று செய்யும் வேலைகளில் பாதி, எஞ்சினுக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. எதை எப்போது செய்வது, எதைச் செய்யாமலே விடுவது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். இந்த மடல் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோப்ரா பிறந்ததே அடுத்தவன் எஞ்சினை வாங்கிப் போட்டுத்தான். இங்கிலாந்தின் ஏசி கம்பெனி செய்துவந்த ஏஸ் என்ற சின்ன வண்டிக்குள் 1962இல் கரோல் ஷெல்பி ஃபோர்டின் 260 கன அங்குல வி8ஐ இறக்கினார். பிறகு 289 வந்தது. அதன் ஹை-பெர்ஃபார்மன்ஸ் வடிவத்துக்கு ஃபோர்டு குறித்த திறன் 271 குதிரை. அகன்ற மட்கார்டுகளோடு 427 வந்தது 1965இல். உங்கள் கிட்டின் உருவம் அந்த 427இனுடையது. உள்ளே நீங்கள் வைக்கப்போவதோ, பெரும்பாலும், 289இன் தம்பியான 302. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட கதைதான். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 302 எடை குறைந்த எஞ்சின், உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கும், திறக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

302 அறிமுகமானது 1968இல். 289க்கு இருந்த அதே 4 அங்குல போர். ஸ்ட்ரோக்கை மட்டும் 2.87இலிருந்து 3 அங்குலமாக நீட்டினார்கள். கணக்குப் போட்டால் 4942 சிசிதான் வரும். ஆனாலும் மஸ்டாங்கின் பக்கவாட்டில் ஃபோர்டு 5.0 என்றுதான் பொறித்தது. விற்பனைத் துறைக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னால் சுழியம் இருந்தால் பிடிக்கும் போலிருக்கிறது.

பழைய மஸ்டாங்கிலிருந்து கழற்றிய எஞ்சின் இப்போது சுலபத்தில் சிக்குவதில்லை. நல்லவற்றையெல்லாம் முன்னால் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காயலான் கடையில் நீங்கள் தேட வேண்டியது ஃபோர்டு எக்ஸ்புளோரர். 1996 முதல் 2001 வரை அந்தக் குடும்ப வண்டியில் இதே 5.0 வி8 வந்தது. ரோலர் கேம், நல்ல ஹெட், பெரும்பாலும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய்வந்த பொறுமையான வாழ்க்கை. ஹெட்டின் நுனியில் செங்குத்தாக வார்த்த கோடுகள் இருக்கும். மூன்று கோடு இருந்தால் ஜிடி40, நான்கு இருந்தால் ஜிடி40பி. கையால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 40பி நல்ல ஹெட்தான். ஆனால் அதில் பிளக் இறங்கும் கோணம் வேறு. சாதாரண ஹெடரை மாட்டினால் குழாய் பிளக் மூடியில் போய் இடிக்கும், ஒயர் கருகும். ஹெடர் வாங்குவதற்கு முன் இந்தக் கோட்டை எண்ணிவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கிட் கார்களைப் புகைச் சோதனையில் சலுகையோடு பதிவு செய்ய அங்கே ஆண்டுக்கு 500 சான்றிதழ்தான் உண்டு. எஞ்சினில் கை வைப்பதற்கு முன் அந்த விவகாரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குதிரைத்திறன் ஆசை. 1987இல் மஸ்டாங்கின் 5.0க்கு ஃபோர்டு சொன்னது 225 குதிரை. அந்த மஸ்டாங் ஏறக்குறைய ஒன்றரை டன். நீங்கள் கட்டும் வண்டி ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஏபிஎஸ் இல்லை, டிராக்ஷன் கண்ட்ரோல் இல்லை, கதவின் உயரம் முழங்கை அளவு. 300 குதிரை இருந்தாலே ஷெல்பியின் 289ஐத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் பட்டியலில் 347 ஸ்ட்ரோக்கர், 450 குதிரை என்று எழுதுகிறீர்கள். 302இன் சாதாரண பிளாக் 500 குதிரையை நெருங்கும்போது நடுவில் நெடுக்காகப் பிளக்கும் என்பது இந்த எஞ்சினோடு புழங்குபவர்கள் எல்லோருக்கும் தெரியும். மஸ்டாங்கிலிருந்து கழற்றிய டி-5 கியர்பாக்ஸ் அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும்.

நம் ஊர் ஆட்களிடம் இதை விளக்கவே வேண்டாம். கோவையில் எஸ். கரிவர்தன் மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி வண்டிகளைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் ரேஸ் பழகத் தொடங்கியது அந்த வண்டியில்தான். எடையைக் குறைத்தால் சின்ன எஞ்சினும் போதும் என்பது கோவைப் பட்டறைகளுக்கு அப்போதே தெரிந்த சங்கதி.

என் யோசனை இது. பிளாக்கை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு ஓவர்சைஸ் அடியுங்கள். போர் 4.030 ஆகும், எஞ்சின் 306 ஆகும். ஒரு ஜோடி நல்ல அலுமினிய ஹெட், அடக்கமான ரோலர் கேம், 600 கார்புரேட்டர். இது போதும். 750 எதற்கு என்று கேட்டால் ஒருவரும் கணக்குச் சொல்வதில்லை. கணக்கு எளிது: கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுக்க வேண்டும். 306 எஞ்சின் 6000 சுற்றில் ஒரு சொட்டுக் காற்றையும் விடாமல் உறிஞ்சினாலும் 531தான் வருகிறது. நிஜத்தில் அவ்வளவுகூட உறிஞ்சாது. பெரிய கார்புரேட்டர் போட்டால் குறைந்த வேகத்தில் இழுப்பு போகும், பிளக் கறுக்கும்.

பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கும் எஞ்சினில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது பேலன்ஸ். பழைய 302களில் முன் டேம்பரிலும் ஃப்ளைவீலிலும் வைத்திருக்கும் எதிர் எடை 28 அவுன்ஸ்-அங்குலம். 1980களின் தொடக்கத்தில் அதை 50 ஆக்கினார்கள். இரண்டும் ஒரே போல்ட்டில் மாட்டும், கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். 50 கிராங்க்குக்கு 28 ஃப்ளைவீல் போட்டால் எஞ்சின் ஓடும். ஆனால் நடுங்கிக்கொண்டே ஓடிப் பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டாவது ஃபயரிங் ஆர்டர். சாதாரண 302க்கு 1-5-4-2-6-3-7-8. மஸ்டாங்கின் எச்.ஓ. எஞ்சினுக்கு 1-3-7-2-6-5-4-8. பிளாக்கும் கிராங்க்கும் ஒன்றேதான். வரிசையை முடிவு செய்வது கேம். அதனால் பிளாக் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை. கேம் அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதுதான் கணக்கு. செவர்லே பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஃபோர்டில் வலப்பக்கம் முன்னிருந்து 1, 2, 3, 4. இடப்பக்கம் 5, 6, 7, 8.

பட்டறைக்கு வருவோம். போரிங் பட்டறைக்காரரிடம் பிளாக்கைக் கொடுக்கும்போது பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போரை அடிக்க வேண்டும். ஹோனிங் செய்யும்போது டார்க் பிளேட் மாட்டுவாரா என்று கேளுங்கள். ஹெட்டை முறுக்கும்போது சிலிண்டர் சுவர் மயிரிழை நெளியும். அந்த நெளிவு இருக்கும்போதே ஹோன் செய்தால்தான் ஹெட் ஏறிய பிறகு போர் வட்டமாக இருக்கும். எண்ணெய்க் கேலரி பிளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஒரு நண்பரின் பிளாக்கை, பட்டறையின் பெயர் வேண்டாம், பிளக்கைக் கழற்றாமலே கழுவிப் பாலிதீன் சுற்றிப் பளிச்சென்று கொடுத்தார்கள். அவர் பிளக்கைத் திறந்து கம்பிப் பிரஷ் விட்டபோது கன்னங்கரேலென்று வந்தது பழைய வண்டல்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை நீங்களும் ஒருமுறை கழுவ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹோன் அடித்த போர் பார்க்கக் கண்ணாடியாக இருக்கும். அந்தக் குறுக்குக் கோடுகளின் பள்ளத்துக்குள் சாணைக்கல் துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோலோ தின்னரோ அதைக் கிளப்பாது. எண்ணெயைக் கரைத்துவிட்டுத் துகளைப் பள்ளத்திலேயே விட்டுவிடும். வேண்டியது சுடுதண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நல்ல பிரஷ், தோள்பட்டை வலிக்கும்வரை தேய்ப்பு. காய்ந்ததும் வெள்ளைப் பனியன் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுப் போரின் உள்ளே வழித்துப் பாருங்கள். முதல் துணி சாம்பல் நிறமாக வரும். நிச்சயம் வரும். மறுபடி கழுவுங்கள். துணி போட்ட வெள்ளையோடு திரும்பி வரும்வரை கழுவுங்கள். வந்ததும் உடனே போரில் எண்ணெய் தடவிவிடுங்கள். ஈர வார்ப்பிரும்பில் துரு பிடிக்க நேரம் எடுக்காது, நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் செம்மண் நிறத்தில் ஒரு படலம் நிற்கும்.

ரிங் இடைவெளியை அளக்காமல் போடாதீர்கள். டர்போ இல்லாத தெருவண்டிக்கு, ஓர் அங்குலப் போருக்கு 0.004 அங்குலம் என்பது பழகிய கணக்கு. 4.030க்கு ஆயிரத்தில் பதினாறு பங்கு. ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுச் சமமாகத் தள்ளி, ஃபீலர் கேஜால் பாருங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். கொஞ்சம் கூடினால் பெரிய நஷ்டமில்லை. மெயின் பேரிங்கில், ஜர்னலின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 302க்கு இரண்டேகால் வரும். மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் பிளாஸ்டிகேஜ் மெழுகிழையை வைத்து நசுக்கிப் பார்க்கலாம். நசுங்கிய பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருந்தால் ஜர்னல் சரிவாக இருக்கிறது என்று பொருள். அப்போது மேற்கொண்டு முறுக்காமல் பட்டறைக்குப் போன் செய்யுங்கள்.

டார்க் ரெஞ்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. போல்ட்டில் எண்ணெய் தடவினால் ஒரு கணக்கு, மாலி பேஸ்ட் தடவினால் வேறு கணக்கு. ரெஞ்ச் காட்டும் எண் ஒன்றாக இருந்தாலும் போல்ட் நீளும் அளவு மாறிவிடும். போல்ட் கம்பெனி எதைத் தடவச் சொல்லி எண் கொடுத்திருக்கிறதோ அதைத்தான் தடவ வேண்டும்.

இனி உங்களுக்குப் பிடித்த பகுதி: பளபளப்பு.

முதல் எதிரி கண்ணாடி மணி. பழைய அலுமினிய இன்டேக்கையும் வால்வு கவரையும் கிளாஸ் பீட் பிளாஸ்டிங் செய்தால் வார்த்தெடுத்த அன்றைய நிறம் திரும்பிவிடும், உண்மை. ஆனால் வால்வு கவரின் உள்ளே எண்ணெய் தடுப்புத் தகடு ரிவெட் அடித்திருக்கும். இன்டேக்கின் அடியில் சூடு தாங்கும் தகடு இருக்கும். அவற்றின் இடுக்கில் மணிகள் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு ஊதினாலும் வராது. சூடான எண்ணெய் பட்டதும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து பேரிங்கில் பதியும். தகட்டைக் கழற்ற முடியாத எந்தப் பாகத்தையும் பிளாஸ்டிங் அறைக்குள் அனுப்பாதீர்கள். கையால் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அழுக்கோடு மாட்டுங்கள். புதுக் கவர் வாங்குவது பேரிங் மாற்றுவதைவிட எத்தனையோ மலிவு.

இரண்டாவது, ஒயர். கண்காட்சிகளில் பிளக் ஒயர்களைச் சீப்பு வாரினாற்போல் ஒன்றையொன்று ஒட்டிப் படியவைத்திருப்பார்கள். அழகுதான். பழைய ஃபயரிங் ஆர்டரில் 7ஆம் 8ஆம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, எச்.ஓ. வரிசையில் 6ஆம் 5ஆம். இரண்டு ஜோடியுமே பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். அந்த ஒயர்கள் இணையாக ஒட்டி ஓடினால், ஒன்றில் பாயும் உயர் அழுத்தம் மற்றதில் தூண்டலால் பொறியை எழுப்பும். தன் முறை வருவதற்கு முன்பே ஒரு சிலிண்டர் வெடிக்கும். எங்கே கோளாறு என்று தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஜோடியை மட்டும் பிரித்து ஓட்டுங்கள், அல்லது ஓரிடத்திலாவது குறுக்கே கடக்க விடுங்கள். படத்தில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் தெரியட்டும்.

மூன்றாவது, பெயின்ட். பிளாக்குக்கு எஞ்சின் எனாமல் அடிப்பது நல்ல வேலை. கழுவித் துடைத்து, கிரீஸ் இல்லாமல் செய்து, கேஸ்கட் உட்காரும் முகங்களை ஒட்டி மறைத்துவிட்டு, மெல்லிதாகப் பல கை அடியுங்கள். நிறத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கறுப்பு வேண்டாம். ஃபோர்டு 1966இலிருந்து தன் எஞ்சின்களுக்குப் பூசிய நீலம் இருக்கிறது, இளம் சாம்பல் இருக்கிறது. வெளிர் நிறத்தில்தான் எண்ணெய் கசிவது முதல் சொட்டிலேயே தெரியும். கறுப்பில் தரையில் குளம் கட்டிய பிறகுதான் தெரியும். எர்த் ஒயர் தொடும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைக் காட்டுங்கள். ஃபைபர் கிளாஸ் பாடியில் மின்சாரம் திரும்பி வர வேறு வழி கிடையாது. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் பேட்டரிக்கும் நடுவே பட்டையான எர்த் போட்டே ஆக வேண்டும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரைத் திட்டாதீர்கள், பெயின்ட்டைப் பாருங்கள். வெப்ப சென்டரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவதும் இதே வியாதிதான். மீட்டர் முள் பொய் சொல்லும்.

பவுடர் கோட்டிங் தடிமனான பூச்சு. பிராக்கெட்டிலும் புல்லியிலும் போல்ட் உட்காரும் இடத்தில் அதை விட்டுவைத்தால், சூட்டில் பூச்சு நசுங்கிப் போல்ட் தளரும். ஹெடருக்குச் சாதாரண பெயின்ட் அடிப்பது காசைக் கரியாக்குவது. செராமிக் கோட்டிங் கொடுங்கள், சூடும் குறையும். பக்கவாட்டுப் புகைக்குழாயில் இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்ளாத கோப்ராக்காரர் அபூர்வம். அது வேறு கதை.

இன்டேக்கின் முன்னும் பின்னும் வைக்கச் சொல்லி கார்க் கேஸ்கட் இரண்டு கொடுப்பார்கள். அவற்றைத் தூக்கிப் போடுங்கள். முறுக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும். ஆர்டிவி சிலிகோனை ஒரே சீராக இழுத்து, தோல் கட்டும்வரை காத்திருந்து உட்கார வையுங்கள். கூடுதலாக இழுத்தால் உள்ளே வழிந்த பகுதி பிய்ந்து விழுந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். டைமிங் கவரின் சில போல்ட்கள் தண்ணீர் ஓடும் இடத்துக்குள் இறங்குகின்றன. சீலன்ட் தடவாமல் போட்டால் கூலன்ட் கசியும், பின்னொரு நாள் கழற்றும்போது அலுமினியத்தோடு ஒட்டிப்போய் முறியும்.

எல்லாம் மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பும் முன் எண்ணெய் ஏற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக ஆயில் பம்ப் கம்பியை டிரில்லால் சுற்ற வேண்டும். 302க்குக் கால் அங்குல அறுகோணம். 351 விண்ட்சருக்குத்தான் பெரியது. டிரில் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். அந்தக் கம்பியில் ஒரு சின்ன கிளிப் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை உருவும்போது கம்பியும் கூடவே வந்து ஆயில் பேனில் விழும், எஞ்சினை மறுபடி இறக்க வேண்டியிருக்கும். முதலில் டிரில் சும்மா சுற்றும். திடீரென்று கை முறுக்கும், டிரில்லின் சத்தம் கனக்கும். பம்ப் எண்ணெயைப் பிடித்துவிட்டது. வால்வு கவரைத் திறந்தே வைத்திருங்கள். ராக்கர்கள் ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணெய் ஊறி வழியும்வரை சுற்றுங்கள். சில ராக்கர் வறண்டே இருந்தால், வேறொருவரை விட்டுக் கிராங்க்கை மெல்லத் திருப்பச் சொல்லிவிட்டு மறுபடி சுற்றுங்கள். பதினாறும் நனைந்த பிறகுதான் கவரை மூட வேண்டும். அழுத்தமே ஏறாவிட்டால், டைமிங் செயினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கேலரி பிளக்கை மறந்திருக்கிறீர்கள் என்று சந்தேகியுங்கள்.

டேம்பரில் இருக்கும் டைமிங் குறியையும் நம்பிவிடாதீர்கள். வெளி வளையம் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பழையதாக இருந்தால் நழுவியிருக்கும். பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான டிடிசியைக் கண்டுபிடித்துக் கோடு போடுங்கள். பழைய ஃப்ளாட் டேப்பெட் கேம் போட்டவர்கள் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடவே கூடாது. உடனே 2000க்கு மேல் ஏற்றி இருபது, முப்பது நிமிடம் மேலும் கீழுமாக வைத்திருங்கள், துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் எண்ணெயோடு. ரோலர் கேமுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை. ரிங் உட்காருவதற்குத் தெருவில் சுமையோடு ஓட்டினால் போதும். கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பாடி ஃபைபர் கிளாஸ் என்பது நினைவில் இருக்கட்டும்.

அளந்ததையெல்லாம் எழுதி வையுங்கள். பேரிங் கிளியரன்ஸ், ரிங் இடைவெளி, பேலன்ஸ் 28ஆ 50ஆ, கேம் அட்டையின் எண், ஃபயரிங் ஆர்டர். ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். இந்த வண்டிக்குக் கம்பெனி மேனுவல் கிடையாது. நாளைக்கு நீங்கள் விற்றால் வாங்குபவருக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த நோட்டைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. அது இல்லாத கிட் காரை நானாக இருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் எஞ்சினுக்கென்று ஒரு டாலர்கூடச் சேர்த்துக் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குளிர் தொடங்கினால் போரிங் பட்டறைகள் நிரம்பிவிடும். எல்லோருக்கும் வசந்தத்தில் வண்டி ஓட்ட வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் பிளாக்கைக் கொண்டுவந்து வரிசையில் வைப்பார்கள். அவசரத்தில் அடித்த போர் உங்களுக்கு வேண்டாம். இந்த மாதமே பிளாக்கைக் கொண்டுபோய்ப் போடுங்கள். குரோம் கவரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்